மூன்று பௌத்தப் பார்வைகள்: வீடு திரும்பிய பிறகு எது நிற்கிறது?

தேரவாதம், மாத்தியமிகம், புத்த இயல்புக் கொள்கை என்ற மூன்று பௌத்தப் பார்வைகளுக்கிடையே பத்து ஆண்டுகள் மாறி மாறி நின்ற பிறகு, நான் தேரவாதத்தில், அதிலும் பர்மியத் துறவி மகாசி சயாடோ (சயாடோ என்பது ஆசானான துறவியைக் குறிக்கும் பர்மியச் சொல்) வகுத்துத் தந்த விபசனா தியான முறையில் நிலைகொண்டேன். இதற்கு எங்கள் வீட்டிலேயே மறுப்பு இருக்கிறது. மாத்தியமிகத்தின் முதலாசான் நாகார்ச்சுனரை ஊன்றிப் படிக்கும் என் அத்தான், "உண்மை எது என்ற கேள்வியில் தேரவாதம் பாதி வழியில் நின்றுவிட்டது, நீயும் அங்கேயே நின்றுவிட்டாய்" என்று வருத்தப்படுவார். யாங்கூனில் பிறந்து வளர்ந்து, சைவக் குடும்பப் பழக்கங்களோடு பௌத்தத்தின் பக்கம் திரும்பிப் பார்க்கும் தமிழர்கள் பலருக்கும் இதே கேள்வி வருவதால், என் தேர்வின் காரணங்களை எழுதி வைக்கிறேன்.

பொதுவானவற்றை முதலில் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். தோன்றிய எதுவும் நிலைக்காது, நிலைக்காததைப் பற்றிக்கொண்டால் துன்பம், 'நான்' என்று பிடித்துக்கொள்ளத்தக்க ஆன்மா எதுவும் இல்லை என்ற மூன்றிலும் எந்த மரபுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும் பன்னிரண்டு கண்ணிகளையும் எல்லாரும் ஏற்கிறார்கள். அவற்றுக்குப் பாளிச் சொற்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று மணிமேகலை நமக்குத் தமிழிலேயே தந்திருக்கிறது. நிலையாமையை இந்த நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதும் இல்லை. கண்ணாடிக் குவளை கை நழுவி உடைந்தாலும், பக்கத்து வீட்டில் சாவு விழுந்தாலும், எங்கள் தெருப் பர்மியப் பாட்டிமார் வாயில் முதலில் வருவது 'அனெய்சா' என்ற ஒற்றைச் சொல்தான். எல்லாமே நிலையற்றது என்றால் முடிந்த முடிவாக உள்ளது எது என்று கேட்கும்போதுதான் வழிகள் பிரிகின்றன.

தேரவாதத்தின் விடையை நான் எங்கள் பருப்புக் கடையில்தான் புரிந்துகொண்டேன். மட்பே என்று இங்கே வணிகர் சொல்லும் உளுந்து மூட்டையைப் பிரித்து, தரம் பார்க்க முழங்கை வரை கையை உள்ளே விடுவது எங்கள் அன்றாட வேலை. உள்ளே போன கைக்குத் தெரிவது 'உளுந்து' அன்று, 'மூட்டை'யும் அன்று. கடினம், குளிர்ச்சி, விரல்களின்மேல் ஓர் அழுத்தம், அவ்வளவே. உளுந்து என்பது மனம் பிறகு சூட்டிக்கொள்ளும் பெயர். தேரவாதத்தின் தத்துவத் தொகுப்பான அபிதம்மம் அந்தப் பெயரை வழக்கு உண்மை என்றும், அந்தக் கடினத்தையும் குளிர்ச்சியையும் அவற்றை அறியும் சித்தத்தையும் பரமார்த்தம், அதாவது முடிந்த முடிவான உண்மை, என்றும் பிரிக்கிறது. சித்தம் 89 வகை, சித்தத்தோடு சேர்ந்து எழும் சேதசிகம் 52, உருவம் 28, இவற்றுக்கு அப்பால் எதனாலும் ஆக்கப்படாத நிப்பானம் (நிர்வாணத்தின் பாளி வடிவம்) என்று அதன் கணக்கு நால்வகையில் முடிகிறது. முதல் மூன்றும் கணந்தோறும் எழுந்து, நின்று, அழிகின்றன. ஓர் உருவத் துணுக்கின் ஆயுள் பதினேழு சித்தக் கணங்கள் என்று உரைகள் அளந்தே சொல்கின்றன. நிப்பானம் மட்டும் அழிவதில்லை, ஆனால் அதுவும் ஆன்மா அன்று. 'பரம்பொருள்' என்ற சொல்லை இங்கே கொண்டுவந்தால் நாம் வழி தவறிவிடுவோம், ஏனென்றால் நம் காதில் அந்தச் சொல் எப்போதும் ஓர் ஆளைக் குறித்தே ஒலிக்கிறது.

ஞானம் என்பதும் இங்கே படிப்படியாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. பத்துத் தளைகள், நான்கு நிலைகள். முதல் நிலையில் மூன்று தளைகள் அறும்: 'நான்' என்ற பார்வை, ஐயம், சடங்குகளால் விடுதலை கிடைக்கும் என்ற பிடிப்பு. அந்த நிலையை எட்டியவருக்கு ஏழு பிறவிக்குமேல் இல்லை. மூன்றாவது தளையைப் படித்தபோது, காளி கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைக்கும் குடும்பத்தில் பிறந்த எனக்கு நெஞ்சு உறுத்தியது. பிறகுதான் அது சடங்கை விடச் சொல்லவில்லை, சடங்கே போதும் என்ற பிடிப்பை விடச் சொல்கிறது என்று தெளிந்தேன்.

மாத்தியமிகம் இந்தக் கணக்கின் அடித்தளத்திலேயே கை வைக்கிறது. அத்தானின் கேள்வியை அப்படியே எழுதுகிறேன்: "கடினம் என்கிறாயே, அந்தக் கடினம் உன் கையைச் சாராமல், தானியத்தைச் சாராமல், அறியும் மனத்தைச் சாராமல் தன் சொந்த இயல்பாக எங்கே இருக்கிறது?" நாகார்ச்சுனர் தம் மூல மாத்தியமிக காரிகையின் இருபத்தேழு இயல்களிலும் செய்வது இதைத்தான். காரணம், இயக்கம், காலம், புலன், நிர்வாணம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எதற்கும் சுயஇயல்பு இல்லை என்று காட்டுகிறார். சார்ந்து தோன்றுவதையே சூனியம் என்கிறோம் என்று இருபத்து நான்காம் இயலிலும், சம்சாரத்துக்கும் நிர்வாணத்துக்கும் எள்ளளவும் வேறுபாடு இல்லை என்று இருபத்தைந்தாம் இயலிலும் கூறுகிறார். சூனியம் என்றால் ஒன்றுமில்லாமை என்று நம்மவர்கள் எடுத்துக்கொள்வது பெரும்பிழை; தனித்து நிற்கும் இயல்பு இல்லை என்பதே அதன் பொருள். தருக்கமாக மட்டும் பார்த்தால், அபிதம்மத்தின் பட்டியலை உறைந்த பொருள்களின் பட்டியலாகப் படிப்பவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை என்று நான் மனமாரச் சொல்வேன். அதோடு, தனக்கு மட்டும் விடுதலை தேடாமல் எல்லா உயிர்களுக்காகவும் புத்த நிலையை நோக்கிச் செல்லும் போதிசத்துவ நோன்பின் பெருமையையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். (பாரமிகள் என்ற பத்து நற்பண்புகளை நிறைத்துப் புத்தராக வேண்டும் என்று உறுதி பூணும் தேரவாதிகளும் பர்மாவில் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.)

சைவம் படித்தவர்களுக்காக இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சிவஞான சித்தியாரில் பிற சமயங்களை மறுக்கும் பகுதியான பரபக்கம், பௌத்தப் பிரிவினருள் சௌத்திராந்திகன், யோகாசாரன், மாத்தியமிகன், வைபாடிகன் என்ற நால்வரை மறுக்கிறது. அந்த நால்வரில் தேரவாதி இல்லை. ஆகவே நம் நூல்கள் பௌத்தத்தை எப்போதோ வென்று முடித்துவிட்டன என்று சொல்லிக்கொண்டு, நம்மைச் சுற்றி வாழும் பௌத்தத்தைப் பாராமல் இருப்பது முறையாகாது. அந்தத் தேரவாதத்துக்கும் நமக்கும் உறவு இல்லாமல் இல்லை. அபிதம்மத்துக்கு நுழைவாயிலான அபிதம்மாவதாரத்தைப் பாளியில் எழுதிய புத்ததத்தர் சோழநாட்டவர்.

மூன்றாவது பார்வை, எல்லா உயிர்க்குள்ளும் புத்த இயல்பு முன்பே உள்ளது, அதை மறைப்பதை விலக்கினால் போதும் என்பது. சீன, சப்பானிய ஜென் மரபுகளும் திபெத்திய மரபுகள் சிலவும் இதைப் பெரிதும் போற்றுகின்றன. இதன் ஆறுதல் எனக்குத் தெரியும்; சோர்ந்த நாளில் இதைவிட இனிய சொல் இல்லை. ஆனால் ஆணவ மலத்தால் மறைக்கப்பட்ட ஆன்மா என்று கேட்டு வளர்ந்த என் காதுக்கு, இது பழைய ஆன்மாவே வேறு பெயரில் திரும்பி வந்ததுபோல் ஒலித்தது. அது அந்த மரபின் குறையன்று, என் பழக்கத்தின் விளைவு. நிலையாமையே புத்த இயல்பு என்று 13ஆம் நூற்றாண்டில் சப்பானிய ஜென் ஆசான் டோகன் விளக்கியதைப் படித்தவர்கள் அந்தத் தவற்றைச் செய்யமாட்டார்கள். போதிதருமர் காஞ்சியிலிருந்து சென்றவர் என்ற கதைக்காக ஜென்னைத் தேர்ந்துகொள்ளும் நண்பர்களும் உண்டு. ஊர்ப்பெருமை ஒரு வழியைத் தேர்வதற்குப் போதிய காரணம் ஆகாது.

எனக்கு இந்தத் தேர்வை முடித்துக்கொடுத்தது எந்தப் பார்வை ஆழமானது என்பதன்று. வீடு திரும்பி, கடையைத் திறந்து, மூன்று மாதம் கழிந்த பிறகு, உதவிக்கு ஆசான் பக்கத்தில் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மதியத்தில் எந்தப் பார்வை என்னோடு இருக்கிறது என்பதுதான். பௌத்தத்தைத் தத்துவமாக ஒப்பிடுபவர்கள் இதைக் கேட்பதே இல்லை, அதனால் இதை விரித்தே சொல்கிறேன்.

சூனியத்தை நான் இரண்டு ஆண்டுகள் முயன்றேன். காலையில் ஓர் இயலைப் படித்து அதன் தருக்கத்தை மனத்தில் ஓட்டுவேன். அமைதியான அறையில் அது ஒளிவீசும். கடையில் ஒருவர் எடைக்குறைவு என்று கத்தினால், சுயஇயல்பு இல்லை என்ற தருக்கத்தின் முதல் படியைத் தொடுவதற்குள் நானும் கத்தி முடித்திருப்பேன். அதைத் தியானமாக முறைப்படி பயில நல்லாசிரியரிடம் நெடுங்காலம் கேட்க வேண்டும். திபெத்திய வழியில் தீட்சையும் குருவோடு இடையறாத தொடர்பும் வேண்டும். ஜென் வழியில் ஆசானை நேரில் அடிக்கடி காண வேண்டும். யாங்கூனில் வாழும் எனக்கு இவை எட்டவில்லை. லாத்தாவில் உள்ள சீனரின் குவான்யின் கோவிலின் சாம்பிராணி மணத்தில் நான் பல மாலைகள் நின்றிருக்கிறேன், ஆனால் அங்கே நான் வழிபட்டேனே தவிரப் பயிலவில்லை. ஆகவே மாத்தியமிகமும் ஜென்னும் திபெத்திய வழியும் அடங்கிய மகாயானத்தின் பயிற்சியைப் பற்றி நான் சொல்வதை, வாசலில் நின்று பார்த்தவன் சொல்வதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மகாசி முறையைப் பயில ஒரு தியான மையத்தில் ஆறு வாரம் தங்கினேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுச்சி மணி, ஒரு மணி நேரம் அமர்வு, ஒரு மணி நேரம் நடை, மீண்டும் அமர்வு, நண்பகலுக்குமுன் கடைசி உணவு. மூச்சினால் வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, பர்மியர் 'பௌங்', 'பெய்ங்' என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வார்கள். நான் முதலில் 'எழுகிறது, தாழ்கிறது' என்று குறித்தேன். சொல் நீண்டு வயிற்றை முந்தியது. பிறகு வீட்டுப் பேச்சில் 'உப்புது, வத்துது' என்று மாற்றியதும் சொல்லும் அசைவும் ஒன்றாயின. இரண்டாம் வாரம் இடது முழங்காலில் தாங்க முடியாத வலி. அங்கிருந்த சயாடோவிடம் என் பயிற்சி நிலையைச் சொல்லும் நேரத்தில் நான் நிலையாமையைப் பற்றி நூலில் படித்ததை விளக்கத் தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தகாஜி (இல்லறத்தாரைத் துறவிகள் அழைக்கும் சொல்), அந்த வலி குறித்தபோது என்ன ஆயிற்று? இருந்த இடத்திலேயே இருந்ததா, நகர்ந்ததா, மங்கியதா?" என்று மட்டும் கேட்டார். நான் அதைப் பார்த்திருக்கவே இல்லை. மறுநாள் பார்த்தேன். 'வலி' என்று ஒன்றாக இருந்தது குத்தலாக, சூடாக, துடிப்பாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தனித்தனியே வந்து போயிற்று.

அந்தக் கேள்வி வீட்டுக்கும் கூட வந்துவிட்டது. எடைத் தராசின் முன் நிற்கும்போது கோபம் எழுந்தால் 'கோபம், கோபம்' என்று குறிக்க ஒரு நொடி போதும். நான்காவது குறிப்புக்குள் அது முன்பிருந்த கோபமாக இருப்பதில்லை. எல்லா நாளும் இது கைகூடுவதில்லை. ஆனால் தவறிய நாளில்கூட, தவறியது எங்கே என்று எனக்கே தெரிகிறது.

தேரவாதத்துக்குள்ளேயே சயாஜி ஊ பா கின் வழியும் எனக்கு முன் இருந்தது. சுதந்திர பர்மாவின் தலைமைக் கணக்காயராக இருந்துகொண்டே 1952இல் யாங்கூனில் தியான மையம் நிறுவிய அவர், அலுவலும் தியானமும் ஒத்துப்போகும் என்பதற்குத் தாமே சான்றாக வாழ்ந்தார். மாந்தலேயில் பிறந்த கோயங்கா 1955இல் அவரிடம் பயின்று, 1969இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுசென்றார். உடல் முழுவதும் உணர்வுகளைத் தலைமுதல் கால்வரை வருடிப் பார்க்கும் அந்த முறையில் பத்து நாள் இருந்தேன். நிலையாமை அங்கே எனக்கு விரைவாகவே புலப்பட்டது. ஆனால் கோயங்கா மரபு காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி அமரச் சொல்கிறது. விடியுமுன் சரக்கு இறங்கும் தொழிலில் என்னால் அதை ஐந்து வாரத்துக்குமேல் காக்க முடியவில்லை. நேரம் ஒதுக்க முடிந்தவர்களுக்கு, சிதறாத அமர்வைத் தருவதால் அதுவே மேலானது என்று நினைக்கிறேன்.

நிப்பானம் ஆக்கப்படாத ஒன்றா, அல்லது நாகார்ச்சுனர் சொல்வதுபோல் சம்சாரத்திலிருந்து வேறன்றா என்பதை நான் அனுபவத்தால் சொல்லத்தக்கவன் அல்லன். நான் கண்டவை எல்லாம் எழுந்து அழிபவையே. அத்தானோடு இந்த வாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் தொடர்கிறது. சென்ற வாரம் அவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "சரி, உன் பெயர் வைக்கும் முறையை எனக்கும் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடு" என்றார். வயிற்றில் கை வைக்கச் சொன்னேன்.