ஈஎம்டிஆர் (கண்ணசைவு வெச்சு பண்ற மனநல சிகிச்சை) முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, இப்ப எப்படி இருக்கேன்

சொந்த ஊரு ஏற்காடு, வேலை சேலத்துல. 2022 டிசம்பர்ல அப்பாவ பைக்ல பின்னாடி உக்கார வெச்சு மலை எறங்குறப்ப நல்ல மூடுபனி, ஒரு கொண்டை ஊசி வளைவுல பிக்கப் வண்டி எதிர்ல வந்துருச்சு, ரெண்டு பேரும் விழுந்துட்டோம். அப்பாவுக்கு இடுப்பெலும்பு ஒடஞ்சுது, எனக்கு முட்டியில சிராய்ப்பு மட்டும்தான்.

அப்பா தேறிட்டாரு. நான்தான் தேறல. அந்த 20 வளைவையும் பஸ்ல கூட கண்ண தொறந்துட்டு போக முடியாம குப்பனூர் வழியா சுத்திப் போனேன், அஞ்சு ரோட்டு சிக்னல்ல லாரி பிரேக் கருகுற வாசனை வந்தாலே கை நடுங்க ஆரம்பிச்சுரும்.

இந்த சிகிச்சைக்கு முதல்ல போன எடத்துல மொத நாளே விரல ஆட்டி "அத நெனைங்க"ன்னுட்டாங்க, ரெண்டு ராத்திரி தூக்கமே இல்ல. அது தப்பான முறைன்னு அப்பறம்தான் தெரிஞ்சுது. இதுல மொத்தம் 8 கட்டம் இருக்கு, பழச கேக்குறது, மனச தயார் பண்றது எல்லாம் முடிஞ்சுதான் கண்ணசைவே வரணும். ரெண்டாவதா பாத்த மேடம் மூணு வாரம் விரலையே தூக்கல. மனசுக்கு நிம்மதியான எடம் ஒண்ணு சொல்லச் சொன்னாங்க, எங்க காபி காயப்போடுற களத்த சொன்னேன், கலங்குனா அங்க திரும்பி வர பழக்கிவிட்டாங்க.

அப்பறம்தான் அந்தக் காட்சி. எனக்கு அது ரோட்டுல கெடந்த அப்பாவோட ஒத்த செருப்பு. அதோட "என்னாலதான் ஆச்சு"ங்கற நெனப்பு, ஒடம்புல எங்க இறுக்குது, 0ல இருந்து 10க்குள்ள எவ்ளோ கஷ்டம்னு கேப்பாங்க, நான் 9ன்னேன். விரல் எடமும் வலமும் போகப் போக கண்ணால தொடரணும், நிறுத்திட்டு "இப்ப என்ன வருது"ம்பாங்க, எது வந்தாலும் சரி, அதப் பிடிச்சு மறுபடி. ஏழாவது தடவன்னு நெனைக்கிறேன், திடீர்னு அப்பா குரல் வந்துச்சு, ரோட்டுல படுத்துக்கிட்டே "உனக்கு ஒண்ணும் ஆகலியே சாமி"ன்னு கேட்டது. இத்தன மாசமா அது எனக்கு ஞாபகமே இல்லீங்க. அன்னிக்கு அழுத மாதிரி நான் அழுததே இல்ல, முடியறப்ப 3க்கு வந்துருச்சு.

1987ல அமெரிக்காவுல ஃபிரான்சைன் ஷப்பீரோ கண்டுபிடிச்சது இது, 2013ல உலக சுகாதார அமைப்பும் பிடிஎஸ்டிக்கு (பெரிய அதிர்ச்சிக்கு அப்பறம் வர்ற மனநல பாதிப்பு) பரிந்துரை பண்ணுச்சு. பலன கொடுக்கறது கண்ணசைவா, பாதுகாப்பா அந்த ஞாபகத்துக்குள்ள போய்ட்டு வர்றதான்னு ஆராய்ச்சியாளர்களுக்குள்ள இன்னும் வாதம் இருக்கு. ஒரே நேரத்துல விரலையும் பாத்து காட்சியையும் பிடிக்க முடியாததால காட்சி மங்குதுங்கற விளக்கம் என் அனுபவத்தோட ஒத்துப்போகுது.

மொத்தம் 11 தடவ போனேன். ஞாபகம் அழியல, செருப்பு இன்னும் அங்கதான் கெடக்கு, ஆனா பழைய போட்டோ பாக்குற மாதிரி தள்ளி இருக்கு. வார வாரம் பைக்லதான் ஏர்றேன். போன டிசம்பர்ல மூடுபனி பாத்ததும் பழைய நடுக்கம் கொஞ்சம் வந்துச்சு, ஒரு தடவ மட்டும் திரும்பப் போனேன், சரியாயிருச்சு.

போறவங்க அன்னிக்கே வண்டி ஓட்டாதீங்க, தல ஒரு மாதிரி கனமா இருக்கும், கனவு ரெண்டு நாள் வரும். நான் ஹஸ்தம்பட்டியில அக்கா வீட்ல தங்கிட்டு மறுநாள்தான் மலை ஏறுவேன். கண் பிரச்சனையோ வலிப்போ இருந்தா மொதல்லயே சொல்லிருங்க, விரலுக்குப் பதிலா ரெண்டு கையிலயும் மாத்தி மாத்தி தட்டியும் பண்ணலாம்.