ராணி காய்க்காது: ஹாலி வளர்த்தவரின் புலம்பல்

"சில்வர் குவீன் வைத்து ஆறு வருஷம் ஆச்சு, ஒரு பழம்கூடக் காணோமே?" என்று நண்பர் கேட்கிறார். காணாதுதான். ஹாலி என்பது கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்கு வைக்கும், முள் இலையும் சிவப்புப் பழமும் உள்ள செடி. அதில் ஒரு ரகமான சில்வர் குவீன் ஆண் செடி. கோல்டன் குவீனும் ஆண். கோல்டன் கிங்தான் பெண். சிவப்பாகப் பழம் விடும். பெயர் வைத்த புண்ணியவான்களை என்ன சொல்ல!

பனை மாதிரி ஹாலியிலும் ஆண் வேறு, பெண் வேறு. இங்கிலாந்து நர்சரிகளில் தொங்கும் சீட்டில் உயரம், இலை நிறம், விலை எல்லாம் இருக்கும். ஆணா பெண்ணா என்பதுதான் பல சீட்டில் இருக்காது. மே மாதம் பூக்கும்போது நாமே பார்த்துவிடலாம். சட்டைப் பொத்தானைவிடச் சின்ன வெள்ளைப் பூ, நாலு இதழ். நடுவில் பச்சை மணி போலத் தடித்திருந்தால் பெண். அது இல்லாமல் மஞ்சள் தூள் அப்பிய நாலு மகரந்தத் தாள் விறைத்து நின்றால் ஆண். பெண் பூவிலும் நாலு தாள் உண்டு, ஆனால் சோப்ளாங்கி, தூள் இருக்காது. அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பெண் செடி காய்க்கப் பக்கத்து வீட்டில் ஆண் செடி நின்றாலே போதும், மீதியைத் தேனீ பார்த்துக்கொள்ளும். மே மாதம் குளிரும் மழையுமாகப் போனால் தேனீ வெளியே வராது, அந்த வருஷம் காய்ப்பும் குறையும். ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் ஜே.சி. வான் டால் என்ற ஹாலி ரகத்தை வாங்குங்கள். ஆண் துணை இல்லாமலே காய்க்கும், இலையில் முள்ளும் அநேகமாக இல்லை. வேலியாக வைத்து வருஷா வருஷம் ஒட்டக் கத்தரிப்பவர்கள் பழத்தை மறந்துவிடலாம்: மொட்டு வருவது போன வருஷத்துக் கிளையில்.

முள் ரகங்களின் உதிர்ந்த இலை தனிக் கொடுமை. பசுமை மாறாத செடி என்று பெயர். பழைய இலையைக் கொட்டுவதோ கோடைத் தொடக்கத்தில், சரியாகக் களை பிடுங்கும் நேரத்தில். மக்கவும் மக்காது. துணிக் கையுறை பிரயோசனமில்லை, தோல் கையுறை வேண்டும்.

மற்றபடி சொன்ன பேச்சுக் கேட்கும் செடி. நீர் தேங்காத மண் போதும். வேரை அசைத்தால் மட்டும் கோபித்துக்கொண்டு இலையை உதிர்க்கும். அதனால் பெரிய செடியைவிட இரண்டடிச் செடி மேல். இருநிற ரகத்தில் முழுப்பச்சைக் கிளை கிளம்பினால் அடியோடு வெட்டுங்கள், இல்லாவிட்டால் அதுவே ஓங்கி மரத்தையே பச்சையாக்கிவிடும். இலையில் மஞ்சள் திட்டு விழுந்தால் இலைத்துளைப்பான். புழு இலைக்குள்ளே இருப்பதால் மருந்து வீண், அந்த இலையைக் கிள்ளி எறியலாம். பழம் பறவைக்குத்தான், குழந்தையோ நாயோ தின்றால் வாந்தி எடுக்கும்.

எதிர்பாராத லாபம் ஒன்று: ஹாலி ப்ளூ என்ற வெளிர்நீலப் பட்டாம்பூச்சி வசந்தத்தில் பெரும்பாலும் இதன் மொட்டில்தான் முட்டையிடும். ஆண் செடியானாலும் அதற்குக் கவலையில்லை.

ஆகவே நண்பரே, பிடுங்க வேண்டாம். பக்கத்தில் ஒரு கோல்டன் கிங் வையுங்கள், ராணிதான் மாப்பிள்ளை. டிசம்பரில் பழத்தோடு பார்த்து வாங்கினால் பெண் என்பது உறுதி. ஆனால் அந்தப் பழம் நர்சரியில் நின்ற ஆண் செடியின் தயவு, உங்கள் தோட்டத்தினுடையது அல்ல.