கிரெகரி போர்ட்டர்: 'லிக்விட் ஸ்பிரிட்'டா, 'ஆல் ரைஸ்'ஸா?

அமெரிக்க ஜாஸ் பாடகர் போர்ட்டரின் இந்த இரண்டு ஆல்பங்களுமே ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசை நிறுவனத்தின் வெளியீடுகள். குரலும் அதே வெதுவெதுப்பான பாரிடோன்தான், அதாவது கொஞ்சம் கனத்த நடுத்தர ஆண்குரல். 2013இல் வந்த 'லிக்விட் ஸ்பிரிட்' சிறந்த ஜாஸ் குரலிசை ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது. பியானோ, பேஸ், டிரம்ஸ், சாக்ஸபோன் என்று சின்னக் குழு. தலைப்புப் பாடலின் கைத்தட்டல் தேவாலயத்திலிருந்து நேரே எழுந்து வந்தது போல இருக்கும். சோல் என்ற கறுப்பின அமெரிக்க இசையின் வாசனை தூக்கல், ஆனால் அஸ்திவாரம் ஜாஸ்தான்.

2020இன் 'ஆல் ரைஸ்' பிரம்மாண்டம். லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவின் தந்திக் கருவிகள், பாடகர் குழு, அப்புறம் பாப் பளபளப்பு. 'ரிவைவல்' பாடல் முதல் தடவையிலேயே மனதில் ஒட்டிக்கொள்ளும். சில இடங்களில் மட்டும் வாத்தியங்கள் குரலை நெருக்குகின்றன. அவ்வளவு பெரிய குரலுக்கு இத்தனை அலங்காரம் எதற்கோ!

ஜாஸ் பக்கமே போகாதவருக்கு 'ஆல் ரைஸ்' சரி. இரவில் தனியாகக் கேட்க எனக்கு முதலாவதுதான்.