கண்ணாடி ஓடு போட்ட கார்: மூன்று கூரை, ஒரு எம்ஆர்2

எங்கள் ஊர் ஓட்டு வீட்டில் அடுக்களைக்கு மேலே மட்டும் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. பகல் வெளிச்சத்துக்காகப் போட்டது. ஐப்பசி மழையில் முதலில் ஒழுகுவதும் அதன் ஓரம்தான். அம்மா அதற்கென்றே ஒரு அலுமினியக் குண்டான் ஒதுக்கி வைத்திருந்தார். அதைப் பார்த்து வளர்ந்தும், இங்கிலாந்துக்கு வந்து, கூரையில் இரண்டு கண்ணாடி வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை நான் வாங்கினேன். அப்பா போனில் கேட்டார்: "ஏம்ப்பா, அங்க மழை ஓயவே ஓயாதும்பியே?"

வண்டி டொயோட்டா எம்ஆர்2, இரண்டாம் தலைமுறை, 1995 மாடல். நான்கு வருடமாக என்னிடம் இருக்கிறது. வாங்குவதற்கு முன் ஆறு மாதம் மூன்று வண்டிகளுக்கு நடுவில் தவித்தேன்: இதே வண்டி கழற்றும் கண்ணாடிக் கூரையோடு, இதே வண்டி முழுத் தகரக் கூரையோடு, அடுத்த தலைமுறை எம்ஆர்2 துணிக் கூரையோடு. நான் கண்ணாடிப் பக்கம் சாய்ந்தவன் என்பதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

மூன்றுக்கும் பொதுவானதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கர இழுவை, இரண்டே பேர் உட்காரலாம். இரண்டாம் தலைமுறை 1989-லிருந்து 1999 வரை வந்தது. 1991 வரையான வண்டிகள் வளைவில் திடீரென்று வாலைச் சுழற்றும் என்று பெயர் வாங்கியவை. அதன்பிறகு சஸ்பென்ஷனை மாற்றினார்கள். ஆகவே 1992-க்குப் பிந்தையதாகப் பாருங்கள். லண்டன்வாசிகளுக்கு ஒன்று: 2023 ஆகஸ்டிலிருந்து நகரம் முழுக்க மாசுக் கட்டண வளையம். பெட்ரோல் வண்டி யூரோ 4 தரத்தில் இல்லையென்றால் ஒரு நாளைக்கு 12.50 பவுண்டு. தொண்ணூறுகளின் வண்டிகள் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும்; நாற்பது வயதானால் விலக்கு உண்டு, ஆனால் 1990 வண்டிக்கே 2030 வரை காத்திருக்க வேண்டும். நான் வளையத்துக்கு வெளியே ரெடிங்கில் இருப்பதால் தப்பித்தேன்.

இனி கூரை. என் வண்டியின் கண்ணாடிக் கூரையை டி-பார் என்று சொல்வார்கள். முன்கண்ணாடிச் சட்டத்திலிருந்து பின்தூண் வரை நடுவில் ஒரு இரும்புப் பட்டை ஓடும். அதன் இரு பக்கமும் கழற்றக்கூடிய இரண்டு கருநிறக் கண்ணாடிப் பலகைகள். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'டி' எழுத்து. அமெரிக்காவில் 1968 கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரோடு பரவிய யோசனை இது. எம்ஆர்2-வில் உள்ளே ஒரு கைப்பிடியைத் திருகி, பலகையைத் தூக்கி, உறையில் போட்டு இருக்கைக்குப் பின்னால் செருகிவிடலாம். இரண்டையும் கழற்ற எனக்கு இப்போது இரண்டு நிமிடம் போதும். முதல் தடவை கை நடுங்கி இருபது நிமிடம் ஆனது. கீழே விழுந்தால் வேறு கிடைப்பது பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர்களிடம்தான்.

வெயிலில் கழற்றி ஓட்டுவதுதான் இதன் சுகம் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அப்படி இல்லை. நவம்பர் மாலையில், ஹீட்டர் ஓட, பலகைகள் மாட்டியபடியே, தலைக்கு மேல் மழைத்துளி தெறித்து ஓடுவதைப் பார்த்துக்கொண்டே போவதற்குத்தான் இந்த வண்டி. தகரக் கூரையில் மழை வெறும் சத்தம். துணிக் கூரையில் அதுவும் மந்தமாகிவிடும். கண்ணாடியில் மழையைப் பார்க்கலாம். இது சின்ன வண்டி, இருக்கை தரையோடு தரையாக இருப்பதால் உள்ளே கிணறு மாதிரி. கண்ணாடி இருந்தால் அந்த அடைசல் போய்விடுகிறது. வெயில் காலத்தில் தலை காயாமலிருக்க உள்பக்கம் மாட்டும் மறைப்புப் பலகைகள் இரண்டு உண்டு. வண்டி பார்க்கப் போனால் அவை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பழைய உரிமையாளர்கள் கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள்.

இப்போது இந்த வண்டியை வைத்திருக்க முடியுமா முடியாதா என்று தீர்மானிக்கிற ஒரே விஷயத்துக்கு வருகிறேன்: பீடிங். எஞ்சின் இல்லை, கியர் பாக்ஸ் இல்லை, கதவோரமும் கூரையோரமும் ஓடும் அந்த ரப்பர் பட்டை.

டி-பாரில் ஒவ்வொரு பக்கமும் தண்ணீர் உள்ளே வரப் பார்க்கும் இடம் ஒன்றல்ல. பலகைக்கும் நடுப்பட்டைக்கும் நடுவே ஒரு ரப்பர். பலகையின் வெளியோரத்தில் இன்னொன்று. அதன்மேல்தான் கதவுக் கண்ணாடி வந்து அமுங்குகிறது. இந்த வண்டியின் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் கிடையாது. ஆக, கழற்றி மாட்டும் ஒரு கண்ணாடியும், ஏறி இறங்கும் ஒரு கண்ணாடியும், முன்தூணும் ஒரே மூலையில் சந்திக்கின்றன. மூன்றும் சேரும் அந்த மூலையில் ரப்பர் இறுகிச் சுருங்கினால் போதும், சொட்டு நேராக ஓட்டுநரின் தொடையில். முப்பது வருட ரப்பர் எந்தக் கம்பெனி வண்டியானாலும் இறுகத்தான் செய்யும்.

என் வண்டியில் கதை கொஞ்சம் கூடுதல். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யாரோ, ஒழுகுகிற இடமெல்லாம் குளியலறைக்குப் பூசும் சிலிக்கான் பசையை அப்பியிருந்தார். பார்க்கப் போன அன்று நல்ல வெயில், எனக்குத் தெரியவில்லை. முதல் மழைக்குப் பிறகு கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருந்த பஞ்சு பிழியப் பிழியத் தண்ணீர். அதை உலர்த்தப் பத்து நாள், அந்தப் பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுக்க இரண்டு வார இறுதி. தரையில் துரு தொடங்கியிருந்தது, ஓட்டை விழவில்லை. சின்ன டிங்கர் வேலையோடு தப்பித்தேன்.

நான் கற்றுக்கொண்ட வரிசை இது. ஒழுகினால் உடனே புது பீடிங் தேடாதீர்கள்; விலை கையைக் கடிக்கும், சில துண்டுகளுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். முதலில் ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவே வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். இறுக்கிப் பிடித்தால் சரி. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடம்தான் ஒழுகும். என் வண்டியில் பாதிக் குறை ரப்பரில் இல்லை, கதவுக் கண்ணாடி சரியாக அமுங்காததில் இருந்தது. கதவின் உள்பலகையைக் கழற்றி, கண்ணாடி நிற்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்தபோது வலது பக்கம் முழுக்க நின்றது. செலவு பூஜ்யம். பிறகு வருடத்துக்கு மூன்று தடவை ரப்பரைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவுகிறேன். வாசலின் தடவாதீர்கள், பெட்ரோலியப் பொருள் ரப்பரை ஊதவைக்கும். கூரைப் பக்கம் வாட்டர் வாஷ் கூடவே கூடாது. குழாய்த் தண்ணீரும் கையும் போதும். இடது பக்கத்துக்கு மட்டும் கடைசியில் புது பீடிங் வாங்கவேண்டி வந்தது.

இவ்வளவுக்கும் பொறுமை இல்லாதவர்களுக்குத் தகரக் கூரை. இதிலும் கதவுக் கண்ணாடிக்குச் சட்டம் இல்லை, ஒழுகவே ஒழுகாது என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் மூலைகள் குறைவு, கழற்றும் பாகம் இல்லை. பாடி விறைப்பு அதிகம். பள்ளத்தில் இறங்கினால் என் வண்டி பலகைகளின் ஓரத்தில் கிறீச்சிடும், தகரக் கூரை வண்டி வாயைத் திறக்காது. பந்தயத் தடத்தில் ஓட்டுகிறவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். ஜப்பானிலிருந்து இறக்குமதியான டர்போ வண்டி ஒன்றை, தகரக் கூரையோடு, நண்பர் ஒருவர் ஒரு நாள் ஓட்டக் கொடுத்தார். பிரமாதம். ஒரு நாள் அனுபவத்தை வைத்து அதற்கு மேல் பேசுவது நியாயமில்லை. இறங்கும்போது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: உள்ளே இருட்டு.

துணிக் கூரை வண்டி 1999-ல் வந்த மூன்றாம் தலைமுறை. எடை ஆயிரம் கிலோவுக்குள், 1.8 லிட்டர் எஞ்சின், 140 குதிரைத்திறன். ஓட்டிப் பார்த்ததில் மூன்றிலும் சுறுசுறுப்பு இதுதான், சந்தேகமில்லை. சிக்னலில் நிற்கும்போது ஒரு கையால் கூரையைப் பின்னால் தள்ளிவிடலாம். துணி கிழிந்தால் முழுக் கூரையையும் மாற்றித்தரும் கடைகள் இங்கே நிறைய. அந்த வகையில் பராமரிப்பு என் வண்டியைவிட லேசு. இடைஞ்சல் இரண்டு. டிக்கி என்று ஒன்று கிடையாது. முன்னால் ஸ்பேர் சக்கரம் போக மிஞ்சும் இடத்தில் ஒரு வாரக் காய்கறி அடங்காது. என் வண்டியில் எஞ்சினுக்குப் பின்னால் உருப்படியான டிக்கி உண்டு. அடுத்து, இந்தத் தலைமுறையின் ஆரம்பகால வண்டிகளில் எஞ்சினுக்கு ஒட்டி இருக்கும் பிரீ-கேட் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) உள்ளே நொறுங்கி, அந்தத் தூள் எஞ்சினுக்குள் இழுபட்டு ஆயில் குடிக்கவைக்கும் என்பது ஊரறிந்த பிரச்சினை. அதைக் கவனித்துச் சரிசெய்த வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வரி. முன்கண்ணாடிக்கு இருக்கும் கண்ணாடிக் காப்பீடு கூரைக் கண்ணாடிக்கும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல பாலிசிகளில் கூரை சேராது. போன் செய்து கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

தினமும் ஒரே வண்டி, வாசலில் மழையில் நிற்கும் என்றால் துணிக் கூரை எடுங்கள். தடத்தில் ஓட்டுவீர்கள் என்றால் தகரம். மூடிய நிறுத்துமிடமோ நல்ல உறையோ இருந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு துணியும் கிரீஸ் டப்பாவும் எடுத்துக்கொண்டு உட்காரப் பிடிக்கும் என்றால் டி-பார்.

போன கோடையில் அப்பா வந்திருந்தபோது விமான நிலையத்துக்கு இதில்தான் போனேன். பெட்டி டிக்கியில் அடங்கியது. வழியில் மழை பிடித்தது. கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தவர், கையை நீட்டி அந்த மூலையைத் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. "அம்மாகிட்ட சொல்றேன், குண்டான் வேணாமாம்னு" என்றார்.