எடைக்கு வாங்கிய சம்புடங்கள்

2019 தை மாதம் சேலத்தில் ஒரு பழைய பாத்திரக் கடையில் மூடி போட்ட எவர்சில்வர் சம்புடங்கள் ஏழு வாங்கினேன். கிலோ 220 ரூபாய். தராசில் 1 கிலோ 800 கிராம் காட்டியது, 396 ரூபாய் கொடுத்தேன். அன்று முதல் எங்கள் வீட்டில் மிஞ்சிய குழம்பு, பொரியல், சோறு எல்லாம் அவற்றில்தான் குடியிருக்கின்றன. ஒரு சம்புடத்தின் விளிம்பில் '12-6-74' என்று பொறித்திருக்கிறது. யார் வீட்டுச் சீர்ப் பாத்திரமோ. அதில் நேற்றைய பீன்ஸ் பொரியலை அள்ளிப் போடும்போது எனக்கு இன்றும் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பழைய பாத்திரம் வாங்கப் போகிறவர்கள் உடம்பில் விழுந்த நசுங்கலைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். நசுங்கல் ஒன்றும் செய்யாது. பார்க்க வேண்டியது விளிம்பும் மூடியும். தண்ணீர் ஊற்றி, மூடி, கவிழ்த்துப் பார்க்க வேண்டும். இதை நான் கடையில் செய்யவில்லை, வீட்டுக்கு வந்து செய்தேன். ஏழில் இரண்டு ஒழுகின. அவை இப்போது கடுகுக்கும் வெந்தயத்துக்கும். இன்னொன்று, காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று கடைக்காரர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்த மலிவான எஃகிலும் காந்தம் ஒட்டாது. புளிக்குழம்பை இரண்டு நாள் வைத்துப் பார்த்தால் புள்ளி விழுகிறதா என்று தெரிந்துவிடும். என்னுடையவற்றில் இதுவரை விழவில்லை.

சம்புடத்தின் பெரிய லாபம், சூடு சீக்கிரம் இறங்குவது. சோற்று விஷயத்தில் இது முக்கியம். அரிசியோடு வரும் 'பேசில்லஸ் செரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் உலை கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். அவை உண்டாக்கும் ஒரு நஞ்சு, பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. அதனால் மிஞ்சிய சோற்றைப் பானையோடு விட்டுவைக்காமல் அகலமான சம்புடத்தில் பரப்பி, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் இருத்துகிறேன். இருபது நிமிடத்தில் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜ். அப்படியானால் பழையது என்னாவது என்று கேட்பீர்கள். தண்ணீர் ஊற்றிப் புளிக்கவிடும் சோறு வேறு ரகம், அதன் கணக்கு மறுநாள் காலையோடு முடிந்துவிடும்.

கண்ணாடி பாட்டில்கள் எனக்குக் காசில்லாமல் வந்தவை. ஜாம், தேன், காபித்தூள் தீர்ந்த பிறகு கழுவி எடுத்தவை. தக்காளித் தொக்கு, புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு மூன்றுக்கும் இவற்றை மிஞ்ச எதுவும் இல்லை. புளிப்பு அரிக்காது, எண்ணெய்ப் பிசுக்கு நிற்காது, எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்தே தெரியும். ஆனால் வாசனை மூடியில் தங்கும். ஊறுகாய் இருந்த பாட்டிலின் மூடியை மூன்று நாள் வெயிலில் காயவைத்த பிறகும் அதில் ஊற்றி வைத்த பாயசம் லேசாகப் பெருங்காயம் மணத்தது. அன்றிலிருந்து ஊறுகாய் பாட்டில் ஊறுகாய்க்கு மட்டும்.

ஒரு முறை ரசத்தைக் கழுத்துவரை ஊற்றிக் குளிர்பெட்டியின் உறைதட்டில் வைத்துவிட்டேன். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய ஒன்பது சதவீதம் விரியும் என்று பள்ளியில் படித்ததுதான். காலையில் பாட்டிலின் தோள்பட்டை வட்டமாகக் கழன்று, ரசம் மட்டும் பாட்டில் வடிவத்திலேயே நின்றது. கண்ணாடித் துணுக்கு ஒன்று ஐஸ்கிரீமுக்குள் போயிருக்குமோ என்ற பயத்தில் அதையும் சேர்த்துக் கொட்டினேன். இப்போது உறையவைப்பதென்றால் தோள் இல்லாத, நேராக இறங்கும் பாட்டில்தான். அதிலும் இரண்டு விரல் இடம் விடுவேன். கொதிக்கும் குழம்பை நேராக ஊற்றுவதும் இல்லை. ஜாம் பாட்டில் சாதாரணக் கண்ணாடி, திடீர்ச் சூட்டைத் தாங்கும் சோதனைக்கூடக் கண்ணாடி இல்லை.

ஐஸ்கிரீம் டப்பாக்களையும் நான்கு ஆண்டுகள் வைத்திருந்தேன். சாம்பார் பட்ட மஞ்சள் கறை போகவே இல்லை, மூடி ஓரங்கள் வெடித்தன. கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வைக்க இரண்டை நிறுத்திக்கொண்டு மற்றவற்றை அனுப்பிவிட்டேன். அதே கடையில் ஆசைப்பட்டு வாங்கிய பித்தளைத் தூக்கு சுத்த நஷ்டம். உள்ளே பூசிய ஈயம், அதாவது வெள்ளீயம், தேய்ந்திருந்ததைக் கவனிக்காமல் ஒரு நாள் மோர்க்குழம்பை ஊற்றி வைத்தேன். ஓரத்தில் பச்சை பூத்தது. ஈயம் பூச ஆள் கிடைக்கும்வரை அதில் மணிபிளாண்ட் வளர்கிறது.

எவர்சில்வரின் தீராத குறை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாதது. சட்னி என்று எடுத்தால் சுண்டல், சுண்டல் என்று எடுத்தால் போன வாரத்துக் கூட்டு. உண்மையில் என் வீட்டில் கெட்டுப்போய்க் கொட்டியதைவிட மறந்துபோய்க் கொட்டியதுதான் அதிகம். ஸ்டிக்கர் ஒட்டிப் பார்த்தேன், ஈரத்தில் உரிந்தது. மார்க்கரால் எழுதியது தேய்க்கும்போது சம்புடத்தையே கறுப்பாக்கியது.

கடைசியில் கைகொடுத்தது தினசரி காலண்டர். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அன்றைய தாளைக் கிழித்து, நான்காக மடித்து, தேதி மேலே தெரிய மூடியோடு ரப்பர் பேண்ட் போடுகிறேன். பெயர் எழுதப் பின்பக்கம் இருக்கிறது. இரண்டு சம்புடம் என்றால் தாளை இரண்டாகக் கிழித்து, அடுத்ததில் தேதியைக் கையால் எழுதிவிடுவேன். மூன்றாம் நாள் தாண்டிய தாள் கண்ணில் பட்டால் உள்ளே என்ன என்று திறந்து பார்ப்பதுகூட இல்லை. ஒன்றரை ஆண்டாக இப்படித்தான் ஓடுகிறது.

மாமியாருக்கு மட்டும் இதில் வருத்தம். காலையில் குளித்துவிட்டு வந்து தாள் கிழிப்பது முப்பது ஆண்டாக அவர் வேலை. இப்போது அவர் வரும்போதே காலண்டர் புதுத் தேதியைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. "நேற்று என்ன நட்சத்திரம் என்று பார்க்கவேண்டும், அந்தக் கூட்டை எடு" என்கிறார்.