கடலோரமா பழைய வீடு வாங்கப் போறீங்களா? என் 3,55,000 போன கதைய படிச்சுட்டு போங்க

கை நடுங்குது, எழுத்துப்பிழை இருந்தா கண்டுக்காதீங்க. விஷயம் தெரிஞ்சு இன்னிக்கு பதினோராவது நாள். மூணு லட்சத்து அம்பத்தஞ்சாயிரம். மஸ்கட்ல 9 வருஷம் நர்ஸா நைட் டூட்டி பாத்து சேத்த காசு.

எங்க அம்மா ஊரு சீர்காழி பக்கம். அப்பா போனதுலேர்ந்து "கடல் காத்து வர்ற எடத்துல ஒரு சின்ன வீடு இருந்தா போதும்டி"னு ஒரே பாட்டு. சென்னை ஈசிஆர் பக்கம் நமக்கு கட்டுப்படி ஆகுமா? அதனால தரங்கம்பாடிக்கும் பூம்புகாருக்கும் நடுவுல இருக்கற ஊருங்கள தேடிட்டு இருந்தேன். வீடு மனை விக்கற ஒரு ஆப், எல்லாருக்கும் தெரிஞ்ச ஆப்தான், பேர் சொன்னா வக்கீல் திட்டுவாரு. அதுல 6 சென்ட், ஓட்டு வீடு, பின்னாடி நாலு தென்னை, 14 லட்சம்னு போட்டிருந்துது. பக்கத்துல பச்சை கலர்ல "வெரிஃபைட்"னு டிக். அந்த டிக்க பாத்துதான் போன் பண்ணேன்.

புரோக்கர் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். அக்கா அக்கான்னு அவ்ளோ மரியாதை. போன ஏப்ரல் கடைசில அம்மாவ கூட்டிட்டு போனேன். மீன்பிடி தடைக்காலம், போட்டெல்லாம் கரையில நிக்குது. "ரெண்டு மாசம் வருமானம் இல்லக்கா, பெரியவருக்கு போட்டு இன்ஜின் மாத்தணும், அதான் இந்த ரேட்டுக்கு தர்றாரு, ஜூன் 15 போட்டு கடலுக்கு போயிட்டா விக்க மாட்டாரு"ன்னான். தடைக்காலம் ஏப்ரல் 15லேர்ந்து 61 நாள்ங்கறது எனக்கே தெரியும். தெரிஞ்ச உண்மை ஒண்ண நடுவுல வெச்சு சொன்னா மீதி பொய்யும் உண்மை மாதிரியே இருக்கு பாருங்க, அதுதான் அவன் தொழில்.

வீட்டுக்காரப் பெரியவரு கட்டில்ல உக்காந்து வலை முடிச்சுட்டு இருந்தாரு. "வா பாப்பா"ன்னாரு. மருமக டீ போட்டு குடுத்துச்சு. அம்மா செருப்ப கழட்டிட்டு பின்கட்டு வழியா மணல்ல போய் நின்னாங்க, அலை சத்தம் அங்கேயே கேக்குது. திரும்பி வந்து என் கைய புடிச்சுட்டு ஒண்ணும் பேசல. அவ்ளோதான். நான் அப்பவே விழுந்துட்டேன். அதுக்கப்புறம் நான் கேட்டதெல்லாம் சும்மா ஒப்புக்கு கேட்ட கேள்வி. கமிஷன் எவ்ளோ தம்பின்னேன், "ரிஜிஸ்டர் ஆனப்புறம் மனசுக்கு புடிச்சத குடுங்கக்கா"ன்னான். இப்படி சொல்றவன யாருக்கு சந்தேகம் வரும்?

பேப்பரும் குடுத்தான். 1987 கிரயப் பத்திரம் ஜெராக்ஸ், அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் வில்லங்கம் இல்லன்னு ஈசி (வில்லங்கச் சான்று), வீட்டு வரி ரசீது, பெரியவர் பேர்ல ஈபி கார்டு. பட்டா எங்கன்னு கேட்டேன். கேட்டேங்க, கேக்காம இல்ல. "நாகப்பட்டினத்துலேர்ந்து 2020ல மயிலாடுதுறை தனி மாவட்டமா பிரிச்சாங்கல்லக்கா, இந்த ஊரு ரெக்கார்டு இன்னும் ஆன்லைன்ல ஏறல, பத்திரம் முடிஞ்சதும் நானே தாலுகா ஆபீஸ்ல உக்காந்து மாத்தி தரேன்"ன்னான். அதையும் நம்புனேன். ஆப்காரங்க "ஆவண சரிபார்ப்பு பேக்கேஜ்"னு ஒண்ணு வெச்சிருந்தாங்க, 15,000. அதையும் கட்டுனேன். ரெண்டு நாள்ல "டாக்குமெண்ட்ஸ் ரிவ்யூ கம்ப்ளீட்டட்"னு மெயில் வந்துச்சு. 12.5 லட்சத்துக்கு பேசி முடிச்சு 20 ரூபா பத்திரத்துல ஒப்பந்தம் எழுதி, பெரியவர் கையில ஒரு லட்சம் ரொக்கம், "அவரு பேங்க் கணக்கு மொடங்கி கெடக்குக்கா"ன்னு சொல்லி புரோக்கர் கணக்குக்கு 2,40,000. ஆக மூணு நாப்பது, ஆப்புக்கு பதினஞ்சு.

பத்திரப்பதிவு இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்துட்டே போச்சு. கிணத்து தண்ணி உப்பான்னு பாத்துட்டு வரலாம்னு அம்மாவோட தனியா போனேன், புரோக்கர்ட்ட சொல்லல. பக்கத்து வீட்டு ஆச்சி வாசல்ல நெத்திலி காயப்போட்டுட்டு இருந்துச்சு. "ஏம்மா, இதையா வாங்கப் போற? இத சுனாமி வீடு வாங்கயிலயே கவருமெண்டுக்கு எழுதிக் குடுத்துட்டாங்களே"ன்னுச்சு. நெத்திலிய பெரட்டிக்கிட்டே, ஏதோ மழை வருதுங்கற மாதிரி சொன்னுச்சு. எனக்கு காது அடைச்சுப் போச்சு.

அங்கேயே நின்னுட்டு போன்ல பாத்தேன். தமிழ்நாடு அரசு இ-சர்வீசஸ் பக்கத்துல பட்டா சிட்டா பாக்கற எடத்துலயே புறம்போக்கு நிலமான்னு, அதாவது அரசாங்க நிலமான்னு பாக்கறதுக்கும் வழி இருக்கு. மாவட்டம் மயிலாடுதுறை, தாலுகா, கிராமம், சர்வே நம்பர். அவன் ஆன்லைன்லயே ஏறலன்னு சொன்ன ஊரு ஜம்முன்னு வந்துச்சு. புறம்போக்கு. ரெண்டே நிமிஷம். இத ஏப்ரல்லயே நான் பண்ணிருக்கலாம். நைட்ல தூங்க முடியல இத நெனச்சு.

விஏஓ, அதான் கிராம நிர்வாக அலுவலர், நல்ல மனுஷன், உக்கார வெச்சு சொன்னாரு. 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் 2005 மார்ச்ல ஒரு அரசாணை போட்டாங்களாம். கடல்லேர்ந்து 200 மீட்டருக்குள்ள இருந்தவங்க உள்ள தள்ளி புது வீடு வேணும்னா பழைய எடத்த அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்துடணும், நகர மாட்டேன்னா இருந்துக்கலாம் ஆனா உதவி கிடையாது. பெரியவர் குடும்பம் உள்பக்கம் புது வீடு வாங்கிடுச்சு, பழைய வீட்ட இடிக்காம வலை வெக்கற எடமா வெச்சிருந்தாங்க. அப்ப ஈசில ஏன் சார் வரலன்னேன். ஈசில சப்ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதிவான பத்திரம் மட்டும்தாம்மா வரும், இது ரெவென்யூ கணக்குலயே முடிஞ்சு போனதுன்னாரு. 38 வயசுல அன்னிக்குத்தான் எனக்கு இது தெரிஞ்சுது. ஈசி சுத்தமா இருந்தா எல்லாம் சுத்தம்னு நெனச்சிட்டிருந்தேன். இன்னொண்ணும் சொன்னாரு, எடம் பட்டாவாவே இருந்தாலும் கடலுக்கு அவ்ளோ கிட்ட சிஆர்இசட்னு கடலோரத்துல கட்டடம் கட்டறத கட்டுப்படுத்தற சட்டம் இருக்கு, நெனச்ச மாதிரி இடிச்சு கட்ட முடியாதுன்னு. புரோக்கர் என்னடான்னா "அதெல்லாம் கட்டக்கூடாத தூரத்த 2019ல 50 மீட்டரா குறைச்சுட்டாங்கக்கா"ன்னு அடிச்சு விட்டான். ஜனநெருக்கம் ஜாஸ்தியா இருக்கற கிராமத்துக்கு மட்டும்தான் அது, அதுவும் புது வரைபடத்துக்கு ஒப்புதல் வந்தாத்தானாம்.

அப்புறம் ஆரம்பிச்சுது அலைச்சல். ஆப்காரங்க சாட்ல "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்"னு மூணு தடவ வந்துச்சு, டிக்கெட்ட மூடிட்டாங்க. நாலாவது நாள் ஒரு பொண்ணு பேசுச்சு, "மேடம், அந்த டிக் வந்து விளம்பரம் போட்டவரோட மொபைல் நம்பர் வெரிஃபை ஆயிருக்குன்னு அர்த்தம் மேடம், ப்ராப்பர்ட்டி வெரிஃபை ஆச்சுன்னு நாங்க எங்கயும் சொல்லல மேடம்". அப்ப 15,000 வாங்குனது எதுக்கும்மா? "நீங்க குடுத்த டாக்குமெண்ட்ஸ படிக்க முடியுதா, பக்கம் எல்லாம் இருக்கான்னு பாக்கறது மேடம், ரீஃபண்ட் கிடையாது மேடம்". மேடமாம் மேடம்.

புரோக்கர் மொத நாள் எடுத்தான், "எனக்கே இப்பதான் தெரியுதுக்கா". ரெண்டாவது நாள் "பெரியவர்ட்ட கேளுங்க". மூணாவது நாள்லேர்ந்து ஸ்விட்ச் ஆஃப். பெரியவரு கண்ணுல தண்ணி, "என் கைக்கு வந்தது அந்த ஒரு லட்சம்தான் பாப்பா, இன்ஜின்ல போட்டாச்சு, கெடைக்கிறப்ப தரேன்". அவர்ட்ட கோவப்படவும் முடியல, விடவும் முடியல. ஊர் பஞ்சாயத்தார்கிட்ட போனா, வெளியாளு எங்க ஊர்ல வீடு வாங்கறதுன்னா மொதல்ல எங்கள்ட்டல்ல வந்து கேக்கணும், நீ கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்போமேன்னாங்க. நியாயம்தான். வாய மூடிட்டு வந்தேன். போலீஸ் ஸ்டேஷன்ல "இது சிவில் மேட்டர்மா"ன்னு அஞ்சு நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. வக்கீல்ட்ட போனா மொத கேள்வியே ஒப்பந்தத்த ரிஜிஸ்டர் பண்ணீங்களான்னு. 2012 டிசம்பர்லேர்ந்தே தமிழ்நாட்டுல கிரய ஒப்பந்தம் பதிவு பண்ணியே ஆகணுமாம். ரிஜிஸ்டர் ஆபீசுக்கு போயிருந்தா அங்கேயே சாயம் வெளுத்திருக்கும், அதான் அவன் 20 ரூபா பத்திரத்தோட முடிச்சிருக்கான். மூணு லட்சத்து அம்பத்தஞ்சாயிரம், 20 ரூபா பேப்பர நம்பி.

என்ன பண்ணனும்னு விளக்கமா எழுதணும்னுதான் உக்காந்தேன், இப்ப தெம்பில்ல. அவசரமா சொல்றேன். அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி சர்வே நம்பர நீங்களே போட்டு பாருங்க, அவன் அனுப்பற பிடிஎஃப் வேணாம். அக்கம்பக்கத்துல வயசானவங்க யார்ட்டயாச்சும் பேசுங்க, புரோக்கர் இல்லாத நேரமா பாத்து. விக்கறவர் கணக்க தவிர வேற கணக்குக்கு ஒரு ரூபா போடாதீங்க. சுனாமி வந்த ஊர்னா குடும்பத்துக்கு புது வீடு கெடைச்சுதா, கெடைச்சுருந்தா பழைய எடம் என்னாச்சுன்னு விஏஓ கிட்ட கேளுங்க. அப்புறம் அந்த டிக், அத நம்பாதீங்க.

ஆப்புக்காரங்க மேல நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் போட்டாச்சு. நாளைக்கு திங்கக்கிழமை, கலெக்டர் ஆபீஸ் குறைதீர்ப்பு நாள்ல மனு குடுக்கப் போறேன், அப்படியே எஸ்பி ஆபீசுக்கும். இதே மாதிரி அந்தப் பக்கம் யாராச்சும் ஏமாந்திருந்தா எழுதுங்க, ரெண்டு மூணு பேரா சேந்து போனா கேப்பாங்கன்னு வக்கீல் சொல்றாரு. அம்மாட்ட இன்னும் முழுசா சொல்லல, "பத்திரம் எப்படி"ன்னு காலைலயும் கேட்டாங்க.

இத எழுதறதுக்கு முன்னாடி ஆப்ப தொறந்து பாத்தேன். அந்த வீடு இன்னும் இருக்கு, பச்சை டிக்கோட. விலைய மட்டும் 13 லட்சமா குறைச்சிருக்காங்க.