பசங்களோட பள்ளத்துக்குக் கொண்டுபோன வாட்டர் டெஸ்ட் கிட்: ஆறு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதறேன்

ஜூன்ல வாங்கினேன், இப்ப டிசம்பர். பார்சல் பிரிச்ச அன்னிக்கே எழுதியிருந்தா அஞ்சு ஸ்டார் போட்டிருப்பேன், ரெண்டாவது மாசம் எழுதியிருந்தா ரெண்டு ஸ்டார்தான் போட்டிருப்பேன், அதனால பொறுத்திருந்து மழைக்காலமும் பார்த்துட்டு எழுதறேன்.

நான் கோயமுத்தூர்ல ஒரு மிடில் ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர், சுற்றுச்சூழல் மன்றமும் என் பொறுப்புதான். ஏழாவது எட்டாவது பசங்க இருபது பேர கூட்டிட்டு மாசம் ஒரு தடவ ரெண்டு இடத்துக்குப் போறோம். ஒண்ணு மேற்கால, ஆலாந்துறை தாண்டி மலையடிவாரத்துல நொய்யல் ஓடற பக்கம் (காட்டு எல்லைக்குள்ள போறதில்லைங்க, வெளியதான்). இன்னொண்ணு ஊருக்குள்ள ஓடற சங்கனூர் பள்ளம். வெளியூர்க்காரங்களுக்காக சொல்றேன், எங்க கொங்குப் பக்கம் ஓடைய பள்ளம்னுதான் சொல்லுவோம். இந்தப் பள்ளம் ஊரெல்லாம் சுத்தி வந்து கடைசில சிங்காநல்லூர் பக்கம் நொய்யல்லயே போய்ச் சேருது. ரெண்டும் ஒரே ஆத்துத் தண்ணிக் கணக்குதான், மேல எப்படி இருக்கு கீழ எப்படி இருக்குன்னு பசங்களே பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும்னுதான் இதை ஆரம்பிச்சேன்.

கிட் ஆன்லைன்ல வாங்கினது, 3,800 ரூபா, கைக்காசு. கம்பெனி பேரு போடல, ஏன்னா இதே மாதிரி கிட் நாலஞ்சு பேர்ல விக்கறாங்க, நான் சொல்ற நல்லது கெட்டது எல்லாத்துக்கும் பொருந்தும். பொட்டிக்குள்ள பிஹெச் (தண்ணி அமிலமா காரமான்னு சொல்ற அளவு) பாக்கற பேனா மாதிரி மீட்டர், தண்ணில கரைஞ்ச உப்ப அளக்கற டிடிஎஸ் மீட்டர், கரைஞ்ச ஆக்சிஜன் அதாவது டிஓ பாக்க சொட்டு மருந்து பாட்டில்கள், அம்மோனியா, நைட்ரேட் பாக்க மருந்து, பாக்டீரியா இருக்கான்னு பாக்க பத்து குப்பி, கலர் கார்டு, ஒரு லென்ஸ், அவ்வளவுதான்.

மொதல்ல பிஹெச் பேனா. மலையடிவாரத்துல 7.4, பள்ளத்துல 7.5. பசங்க ஒருத்தர ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. மூக்கப் பொத்திட்டு நிக்கறோம், தண்ணி சாம்பல் கலர்ல இருக்கு, மீட்டர் என்னடான்னா ரெண்டும் ஒண்ணுங்குது. ஒரு பையன் "மிஸ், மீட்டர் கெட்டுப் போச்சு"ன்னான். கெடலைங்க. வீட்டுச் சாக்கடைத் தண்ணி பெரும்பாலும் ஏழு ஏழரைலதான் இருக்கும், நல்ல தண்ணிக்குச் சொல்ற 6.5ல இருந்து 8.5 வரைக்கும்ங்கற அளவுக்குள்ள சாக்கடையும் வந்துடும். பிஹெச் மட்டும் பார்த்துட்டு தண்ணி நல்லாருக்குன்னு சொல்ற வீடியோ எவ்வளவு பார்த்திருக்கேன், இனிமே எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. இந்தப் பேனாவுக்கு இன்னொரு விஷயம், கூட வர்ற பவுடர் பாக்கெட்ட டிஸ்டில்டு வாட்டர்ல கலக்கி 6.86, 4.01 ரெண்டுக்கும் செட் பண்ணிட்டுத்தான் ஒவ்வொரு தடவையும் எடுக்கணும், முனைய காய விடக்கூடாது. நான் லீவுல காய விட்டுட்டேன், அப்புறம் அது ஒரு ரீடிங்ல நிக்கவே மாட்டேங்குது, வேற பேனா தனியா வாங்கினேன்.

டிடிஎஸ் மீட்டர் வேலை செய்யுது, குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அதுவும் என்ன சொல்லுதுன்னு புரிஞ்சு யூஸ் பண்ணணும். மேல லிட்டருக்கு 60 மில்லிகிராம், பள்ளத்துல 1100. ஆஹா கண்டுபிடிச்சுட்டோம்னு பசங்க குதிச்சாங்க. அடுத்த நாள் ஒரு பொண்ணு வீட்டு போர் தண்ணிய பாட்டில்ல புடிச்சுட்டு வந்தா, அது 1400. "அப்ப எங்க வீட்டுத் தண்ணி பள்ளத்தவிட மோசமா மிஸ்"னு கேட்டா. கிளாஸே அமைதியாயிடுச்சு. இல்ல கண்ணு, அது உப்ப மட்டும்தான் அளக்குது, பாறைல இருந்து கரைஞ்ச உப்பா சோப்புல வந்த உப்பான்னு அதுக்குத் தெரியாதுன்னு சொன்னேன். (குடிநீருக்கான இந்தியத் தரத்துல டிடிஎஸ் 500க்குள்ள இருந்தா நல்லது, வேற வழியில்லன்னா 2000 வரைக்கும் விடறாங்க.) நான் ஒரு பீரியட் முழுக்க பாடம் நடத்தினாலும் அந்தக் கேள்வி அளவுக்கு அவங்களுக்கு ஏறியிருக்காது.

இப்ப டிஓ டெஸ்ட். இந்தக் கிட்டுக்கு குடுத்த காசு இது ஒண்ணுக்கே தகும். பாட்டில தண்ணிக்குள்ளயே முக்கி, காத்துக் குமிழி ஒண்ணுகூட இல்லாம நிரப்பி, தண்ணிக்கடியிலயே மூடணும். அப்புறம் மொத மருந்து, ரெண்டாவது மருந்து. ஆக்சிஜன் இருக்கற தண்ணின்னா உள்ள பழுப்பா மேகம் மாதிரி சுருண்டு இறங்கும், இல்லாத தண்ணில அது வெள்ளையாவே நிக்கும். அந்த இடம்தான் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மலையடிவாரத் தண்ணில காப்பித்தூள் கொட்டின மாதிரி இறங்குச்சு, பள்ளத்துத் தண்ணில தயிர் திரிஞ்ச மாதிரி வெள்ளையா அப்படியே. ரெண்டு பாட்டிலயும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டினா எண்ணே வேண்டாம், அதுவே சொல்லிடும். அப்புறம் ஆசிட் விட்டு மஞ்சளாக்கி, ஸ்டார்ச் போட்டு நீலமாக்கி, கடைசி மருந்த சொட்டு சொட்டா எண்ணி நீலம் போற வரைக்கும் விடணும். மேல லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் வந்துச்சு, பள்ளத்துல ஒண்ணுகூட வரல. 24 டிகிரி தண்ணில எட்டுக்குக் கொஞ்சம் மேலதான் கரையவே முடியும், எங்க ஊரு 400 மீட்டர் உயரத்துல இருக்கறதால அதுலயும் கொஞ்சம் கம்மியாகும், அப்படின்னா 7.5ங்கறது அருமையான தண்ணி. குளிக்கற தண்ணிக்கே குறைஞ்சது 5 வேணும்னு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொல்லுது.

ஆனா டிஓவும் ஏமாத்தும், அதையும் அனுபவிச்சுட்டுத்தான் சொல்றேன். பச்சைப்பசேல்னு பாசி படிஞ்ச ஒரு குட்டைல மத்தியானம் மூணு மணிக்கு பார்த்தப்ப 11 வந்துச்சு, பசங்க கை தட்டினாங்க. எனக்கு சந்தேகமா இருந்துச்சு, அடுத்த சனிக்கிழம காலைல ஆறரைக்கே ரெண்டு பசங்களையும் அவங்க அப்பாக்களையும் கூட்டிட்டுப் போய் அதே இடத்துல எடுத்தேன், 3. பகல்ல பாசி வெயில்ல ஆக்சிஜன் விடுது, ராத்திரி பூராவும் அதே பாசி உறிஞ்சுது, மீன் செத்து மிதக்கறது ஏன் பெரும்பாலும் விடியக்காலைலன்னு அன்னிக்குத்தான் பசங்களுக்குப் புரிஞ்சது. அதனால டைம் எழுதாத டிஓ ரீடிங் ரீடிங்கே இல்ல. கிட்ல குடுத்த ரெக்கார்ட் ஷீட்ல டைமுக்கு கட்டமே இல்லைங்க, இது பெரிய குறை.

நைட்ரேட் டெஸ்ட் ரெண்டு இடத்துலயும் கிட்டத்தட்ட ஒண்ணுமில்லன்னு காட்டுச்சு. மேல நிஜமாவே ஒண்ணுமில்ல. பள்ளத்துல, ஆக்சிஜன் இல்லாததால சாக்கடைல வர்ற அம்மோனியா நைட்ரேட்டா மாறவே இல்ல, அம்மோனியாவாவே நிக்குது, அம்மோனியா டெஸ்ட்டுல கலர் கார்டத் தாண்டிப் போய் பழுப்பாயிடுச்சு. இதைச் சொல்லிக் குடுக்க ஆள் கூட இல்லன்னா பசங்க தப்பா எழுதிட்டு வந்துடுவாங்க.

அந்த அம்மோனியா மருந்தப் பத்தி கட்டாயம் சொல்லணும். என் கிட்ல வந்தது நெஸ்லர் ரீஜென்ட், அதுல பாதரசம் இருக்கு. பொட்டிமேல அதை எங்கயும் பெருசா போடல, பாட்டில் லேபிள்ல பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இருந்துச்சு, நான் லென்ஸ் வெச்சுப் படிச்சேன். ஸ்கூல் பசங்களுக்குன்னு விக்கற பொட்டில இப்படி இருக்கறது எனக்கு ரொம்ப வருத்தம், கோபமும்கூட. வாங்கறதுக்கு முன்னாடி போன் பண்ணி நெஸ்லரா சாலிசிலேட்டான்னு கேளுங்க, சாலிசிலேட்னா வாங்குங்க, அதுல பாதரசம் கிடையாது. நான் இப்ப அம்மோனியா டெஸ்ட்ட பசங்க கைல குடுக்கறதே இல்ல, நானே கிளவுஸ் போட்டு பண்றேன். டிஓல வர்ற ஆசிட்டும் நான்தான் விடுவேன். மருந்து கலந்த தண்ணி ஒரு சொட்டுகூட ஆத்துல கொட்டறதில்ல, அஞ்சு லிட்டர் கேன்ல சேத்து வெச்சு தெரிஞ்ச ஒரு காலேஜ் கெமிஸ்ட்ரி லேப்ல குடுத்துடறேன். ஆத்தக் காப்பாத்தப் போறோம்னு சொல்லிட்டு அதுலயே பாதரசத்த ஊத்திட்டு வந்தா பசங்க முகத்த எப்படிப் பாக்கறது?

பாக்டீரியா குப்பி நல்ல சரக்கு. 1982ல குவாலியர்ல நம்ம டிஃபென்ஸ் விஞ்ஞானிகள் உருவாக்கின முறைதான் இது, தண்ணிய ஊத்தி மூடி ஒருநாள் ரெண்டுநாள் சாதாரண சூட்டுல வெச்சா போதும், மலக்கிருமி இருந்தா கறுப்பாகும். பள்ளத்துத் தண்ணி மறுநாள் காலைலயே மை மாதிரி. மலையடிவாரத் தண்ணி ரெண்டாம் நாள் கறுத்துச்சு. கண்ணாடி மாதிரி இருந்த தண்ணி, ஒரு பையன் அன்னிக்கு கைல அள்ளிக் குடிக்கப் போனான், நான் தடுத்தேன், அவன் அந்தக் குப்பியவே ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னான். ஆடு மாடு, காட்டு மிருகம் எல்லாம் இறங்கற தண்ணிதானே. வேற சில கிருமிக்கும் இது கறுக்கும்ங்கறதால இதை வெச்சு முடிவா எதுவும் சொல்லிட முடியாது, ஆனா குடிக்கலாமா வேண்டாமாங்கறதுக்கு இது போதும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த ஆறு மாசத்துல எங்களுக்கு உண்மைய அதிகமா சொன்னது கிட்ல இல்லாத பொருள். பாத்திரக்கடைல 90 ரூபாய்க்கு வாங்கின வெள்ளை பிளாஸ்டிக் ட்ரே, மாவு சலிக்கற சல்லடை, ஒரு பெயிண்ட் பிரஷ். ஆத்துக் கல்ல மெதுவா தூக்கி ட்ரேல கழுவினா அடில ஒட்டிட்டு இருக்கற பூச்சியெல்லாம் வந்துடும். மலையடிவாரத்துல மொத கல்லுலயே மூணு வால் இருக்கற தட்டையான மேஃபிளை குஞ்சு, ரெண்டு வால் ஸ்டோன்ஃபிளை, மணல ஒட்ட வெச்சு தனக்குத்தானே குழாய் கட்டிக்கிட்டு உள்ள இருக்கற கேடிஸ் புழு. ஒரு சின்னப் பொண்ணு மேஃபிளைய லென்ஸ்ல பார்த்துட்டு "மிஸ், இடுப்புல விசிறி வீசுது மிஸ்"னா. செவுள்தாங்க அது, வயித்து ரெண்டு பக்கமும் வரிசையா படபடன்னு அடிச்சுக்கும். நான் பத்து வருஷமா பாடம் நடத்தறேன், அன்னிக்குத்தான் அதை உசுரோட பார்த்தேன்.

இதுங்க எல்லாம் ஆக்சிஜன் நல்லா இருக்கற சுத்தமான தண்ணிலதான் இருக்கும், பள்ளத்துல அப்படி ஒண்ணுகூட இல்ல. கரையிலிருந்தே நீளக் கம்பு சல்லடைல சேத்த அள்ளினோம், செக்கச்செவேல்னு ரத்தப்புழு, நூல் மாதிரி டுபிஃபெக்ஸ் புழு, நீள வால் வெச்ச புழு, கொசுப்புழு. ரத்தப்புழு சிவப்பா இருக்கறது நம்ம ரத்தத்துல இருக்கற மாதிரியே ஹீமோகுளோபின் அதுக்கும் இருக்கறதாலதான், இருக்கற கொஞ்சநஞ்ச ஆக்சிஜன புடிச்சு வெச்சுக்கும். கொசுப்புழுவும் வால்புழுவும் மேல குழாய் நீட்டி காத்துலயே மூச்சு விட்டுக்கும். அப்ப அங்க வாழற எல்லாமே தண்ணில மூச்சு விட முடியாதுன்னு வேற வழி கண்டுபிடிச்சதுங்கதான்னு ஒரு பையன் சொன்னான், எட்டாவது படிக்கறான். இந்தப் பூச்சிகளுக்கு ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் மார்க் போடற முறை பிரிட்டன்ல 1970கள்ல வந்துச்சு, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் அதை நம்ம நாட்டுக்கு ஏத்த மாதிரி மாத்தி யூஸ் பண்ணுது. மீட்டர் அந்த நிமிஷத்தத்தான் சொல்லும். ஆனா மேஃபிளை குஞ்சு வாரக்கணக்கா மாசக்கணக்கா அந்தக் கல்லுக்கடியிலயே கிடக்கு, நடுவுல ஒரு ராத்திரி எவனாவது ஏதாவது திறந்து விட்டிருந்தா அது இருக்காது. செப்டம்பர்ல நல்ல மழைக்கப்புறம் பள்ளத்துல டிஓ 4 காட்டுச்சு, பசங்க சந்தோஷப்பட்டாங்க, ஆனா ட்ரேல அதே ரத்தப்புழுதான், ஒரு மாத்தமும் இல்ல.

மத்த குறைகள சட்டுனு சொல்லிடறேன். ஸ்டார்ச் பாட்டில் ரெண்டே மாசத்துல பூசணம் புடிச்சிருச்சு, கடைக்காரங்க மூணு தடவ போன் பண்ணினப்புறம் வேற அனுப்பினாங்க. கலர் கார்டு சாதாரணப் பேப்பர், நனைஞ்சா போச்சு, லேமினேட் பண்ணிக்கங்க. லென்ஸ் பிரயோஜனமில்ல, பத்து மடங்கு பெருசாக்கற லூப் தனியா வாங்குங்க. தமிழ்ல செய்முறை கிடையாது, நான் அட்டைல எழுதி வெச்சிருக்கேன். தண்ணி எவ்வளவு ஓடுதுன்னு பாக்க கிட்ல ஒண்ணுமே இல்ல, நாங்க பத்து மீட்டர் அளந்து ஆரஞ்சுப் பழத்த மிதக்க விட்டு வாட்ச்சுல செகண்ட் எண்ணறோம், நல்லா வேலை செய்யுது.

பள்ளத்துல பசங்க யாரும் தண்ணிக்குள்ள இறங்கக்கூடாது, கால்ல புண்ணு இருந்தா கிட்டயே வரக்கூடாது, எலிக்காய்ச்சல் பயம் இருக்கு. மலையடிவாரத்துல மேல மழை கறுத்தா கரைக்கே போகக்கூடாது, வெள்ளம் சொல்லிட்டு வராது. ரெண்டு பெரியவங்க இல்லாம நான் கூட்டிட்டுப் போறதே இல்ல.

என் ரேட்டிங் மூணரை. சாலிசிலேட் மாத்திக் குடுத்து, தமிழ்ல ஒரு அட்டையும் ஒரு வெள்ளை ட்ரேயும் சேத்துக் குடுத்தா நாலரை தாராளமா போடுவேன். 3,800 ரூபா இல்லாத ஸ்கூல்னா டிஓ மருந்து செட் மட்டும் தனியா கிடைக்குது, அதையும் ட்ரே, சல்லடை, லூப்பையும் வாங்கிட்டு நாளைக்கே ஆரம்பிச்சுடலாம். கோயமுத்தூர் டீச்சருங்க யாராவது வாங்கறதுக்கு முன்னாடி கைல புடிச்சுப் பாக்கணும்னா சொல்லுங்க, சனிக்கிழம எங்க பசங்களோட வாங்க, அடுத்த தடவ ஜனவரி ரெண்டாவது வாரம் போறோம், பூச்சி மார்க் போடற அட்டை தமிழ்ல ஒரு காப்பி உங்களுக்கும் எடுத்து வெக்கறேன்.